வாசிக்காமல் விட்ட வரி

எங்கள் குடும்பத்தில் எழுத்து அறிந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டுத்தான். அம்மாவுக்கு அதையும் வைக்க வேண்டிய தேவை வந்ததில்லை. நான் பட்டணத்து மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்து, ஆங்கிலத்தில் சோதனை எழுதித் தேறி, பழுகாமத்துக்குத் திரும்பி வந்தபோது என்னைவிட வயதில் மூத்த பெண்கள்கூட வழியில் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பெருமை பேசுகிறாள் என்று யாராவது சொன்னால் ஆமென்று சொல்வேன். இனி நான் எழுதப்போவது அந்தப் பெருமையால் வந்தது.

அப்பா போடியாரின் காரோட்டி. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் ஊரைச் சுற்றியிருந்த வட்டைகளில் பாதி போடியாருடையது. அந்த வயல்களில்தான் அப்பா முன்பு கூலிக்கு நின்றார். மழைக்காலம் முழுவதும் சேற்றில் நின்று அவருடைய கால்விரல் இடுக்குகள் வெடித்துப் புண்ணாகி, இரவில் அம்மா வேப்பெண்ணெய் பூசும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். பிறகு போடியாரின் பழைய காரோட்டி காய்ச்சலில் விழுந்த ஒரு வருடத்தில், கார் கழுவப் போன அப்பா ஓட்டப் பழகினார். கால்கள் ஆறின. சப்பாத்துப் போட்டார். நான் பள்ளிக்கூடம் போனதும் அதற்குப் பிறகுதான்.

உலக யுத்தம் வந்து பெற்றோல் கூப்பனுக்கு ஆனது. காருக்கு வேண்டிய சாமான்கள் கப்பலில் வருவது நின்றது. எங்கள் காரைப் பார்த்துவந்த மெக்கானிக் பட்டாளத்து வேலைக்காகத் திருகோணமலைக்குப் போனார். போகுமுன் அப்பாவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: எஞ்சினில் ஒயில் தார்போல் கறுத்துவிட்டது, ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றாமல் தூரப் பயணம் போக வேண்டாம்.

அப்போது சித்திரை முடியும் காலம். வைகாசியில் வாவிக்கு அக்கரையிலுள்ள கண்ணகி அம்மன் கோயிலில் சடங்கு. போடியாரின் தாய்வழிக் குடிக்கு அந்தக் கோயிலை நடத்தும் வண்ணக்கர் உரிமை. வருடத்தில் ஒருமுறை கோயில் கதவு திறக்கும் நாளில் முதல் மடைப்பெட்டி அவர் வீட்டிலிருந்து போகவேண்டும். பட்டும் பழமும் பாக்கு வெற்றிலையும் பூவும் வைத்த ஓலைப்பெட்டி அது. முன்பெல்லாம் தலையில் வைத்துக் கொண்டுபோனார்கள். கார் வாங்கியபின் காரில் போனது.

"சடங்குக்குக் கார் ஓடவேணும் மனே," என்று போடியார் அப்பாவிடம் சொன்னார். "நடுவழியில நிண்டுதெண்டா மறுகா எனக்குக் கார் வேணாம். மாட்டுக் கரத்தை போதும். நீயும் வட்டைக்கு வந்திரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மாட்டை எங்கே கட்டுவது என்று சொல்வதுபோல் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்தார். கையைச் சாம்பலால் தேய்த்துக் கழுவி, துணியில் சுற்றியிருந்த ஒரு புத்தகத்தை என்னிடம் நீட்டினார். காரோடு வந்த ஆங்கிலப் புத்தகம். ஓரங்களைக் கரப்பான் தின்றிருந்தது.

"இதில பில்டரைப் பத்தி ஏதும் இரிக்கா எண்டு பாரு புள்ள."

இருந்தது. படத்தோடு இருந்தது. எஞ்சினுக்குள் சுற்றிவரும் ஒயில் தன் அழுக்கை விட்டுவிட்டுத் திரும்பும் இடம் அந்தப் பில்டர். எஞ்சினின் பக்கத்தில் ஒரு இரும்புக் கிண்ணம் தொங்கும். அதற்குள் துளையிட்ட தகரம் சுற்றிய கம்பளிப்பஞ்சு உருளை ஒன்று. கிண்ணத்தின் விளிம்பு எஞ்சினோடு பொருந்தும் காடியில், அந்த வட்டப் பள்ளத்தில், ஒயில் கசியாமல் ஒரு ரப்பர் வளையம். கிண்ணத்தின் அடியிலிருந்து நடுவால் மேலே போகும் நீண்ட ஆணி ஒன்று எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருக்கும். மாற்றவேண்டியது உருளையையும் வளையத்தையும் மட்டும். நான் படத்தில் விரல் வைத்துச் சொல்லச் சொல்ல, அப்பா காரில் கைவைத்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். என் வாழ்க்கையில் அதுபோல் சந்தோசமான ஒரு பின்னேரம் அதிகம் இருந்ததில்லை.

பழைய உருளையைக் கழற்றி வாழைச்சருகில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டணம் போனோம். கிண்ணத்தை அப்பா அப்படியே மாட்டி வைத்திருந்தார். யுத்தகாலத்தில் கார் சாமான் வைத்திருந்த கடை ஒன்றுதான், வாவி கடந்து இறங்கும் துறையடியில். கடைக்காரர் காத்தான்குடி முஸ்லிம் ஆள், எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"என்ன, மகளையும் கூட்டிக்கொண்டு வந்திரிக்கீங்க? கார் வாங்கப்போறது சீதனத்துக்கோ?"

"போங்க காக்கா," என்று அப்பா சிரித்தார். "ஒயில் பில்டர் ஒண்டு வேணும். அவதான் பாத்து எடுக்கப்போறா."

"அவவோ?"

"இங்கிலீசு படிச்சவ."

கடைக்காரர் உள்ளே போய் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றைத் திறந்து, "இது எல்லா வண்டிக்கும் சரிவரும்," என்றார். நான் எங்கள் பழைய உருளையைச் சருகிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தினேன். புதியது ஒரு விரல் உயரம் கூட. நடுத்துளையும் பெரிது. அந்தத் துளையால் அழுக்கு ஒயில் வடிபடாமலே திரும்பிப் போகும் என்றேன். புத்தகத்தில் அப்படி ஒரு வரி இருந்தது. உருளையின் இரு முனையும் ஆணியைச் சுற்றி இறுக இருக்கவேண்டும் என்று. மற்றப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அதில் இருந்தது உயரத்திலும் துளையிலும் எங்களுடையதற்கு ஒத்துவந்தது. பெட்டியின் மேல் அச்சடித்திருந்த இலக்கமும் புத்தகத்திலிருந்த இலக்கமும் ஒன்று. நான் இரண்டையும் உரத்து வாசித்தேன்.

கடைக்காரர் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். "அல்லாவே! இவவை இஞ்ச கடையில விட்டுட்டுப் போங்க. நான் வீட்ட போய்ப் படுக்கிறன்."

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர், "வளையமும் உள்ளுக்குத்தான் இரிக்கு. பூட்டத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்க. ஏறாவூரில எங்கட ஆள் ஒருத்தர் இரிக்கார், நல்ல கை. சொல்லி அனுப்பட்டோ?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த ஆளை அழைக்க விருப்பம் இருந்தது. அது இப்போது எனக்குத் தெரிகிறது.

"வேணாம்," என்றேன் நான். "எங்களிட்டப் புத்தகம் இரிக்கு."

இரண்டு நாள் கழித்துப் போடியார் வீட்டு மாமரத்தடியில் வேலையைத் தொடங்கினோம். நான் ஒரு மரப்பெட்டியின்மேல் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அப்பா காருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தார். போடியாரின் மனைவியும் வீட்டுப் பெண்களும் குசினி வாசலில் நின்று பார்த்தார்கள். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலத்தில் உரத்து வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். அப்பாவுக்கு ஆங்கிலம் தேவையில்லை. குசினி வாசலுக்குத்தான் அது.

எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, அடியிலுள்ள ஆணியைக் கழற்றிப் பழைய ஒயிலை வடியவிட்டோம். தார்போல் வந்தது. கிண்ணத்தின் நீண்ட ஆணியைத் தளர்த்தி, கிண்ணத்தைச் சாயாமல் இறக்கினார். உள்ளேயிருந்த சுருளும் தட்டும் வாசரும் எந்த வரிசையில் வந்தனவோ அந்த வரிசையில் சாக்கின்மேல் வைத்தார். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினார். பஞ்சு ஒட்டாத துணியால் துடைக்கவேண்டும் என்று வாசித்தேன். தன் பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்தார். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே நடந்தது.

அடுத்தது ஒரு நீளமான வாக்கியம். படத்துக்குக் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில். அதில் மூன்று சொற்கள் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் தோட்டங்களைப் பற்றியும் இராணிகளைப் பற்றியும் படித்தோம். ஆங்கிலக் கட்டுரையில் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். அந்த வாக்கியம் என்னைத் தெரியாதது போல் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன கா, நிண்டுட்டாய்?" என்றார் போடியாரின் மனைவி குசினி வாசலிலிருந்து. "முடிஞ்சுதோ உன்ர இங்கிலீசு?"

பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல. ஆனால் எனக்குக் காது சுட்டது. அகராதி வீட்டில் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். நடந்து போக ஐந்து நிமிடம். எல்லோரும் பார்க்க எழுந்து போவதா என்று இருந்துவிட்டேன். ஆங்கிலத்தில்கூட உரத்து வாசிக்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.

"புது வளையத்தில கொஞ்சம் ஒயில் தடவிக் காடிக்குள்ள வைக்கவேணும் அப்பா."

அப்பா கையை மேலே விட்டுத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"புள்ள, இந்தக் காடிக்குள்ள கறுப்பா ஒண்டு இரிக்கு. இரும்போ ரப்பரோ தெரியல்ல. நகம் இறங்குதில்ல."

நான் படத்தைப் பார்த்தேன். படத்தில் அந்தக் காடி கறுப்பாகத்தான் இருந்தது. அச்சில் நிழல் அப்படி விழுந்திருந்தது.

"படத்திலயும் கறுப்பாத்தான் இரிக்கு. அது அப்பிடித்தான்."

"சரியாத் தெரியுமோ?"

"தெரியும் அப்பா."

அவர் வளையத்தை வைத்து, உருளையை ஏற்றி, கிண்ணத்தைத் தூக்கி, ஆணியை முறுக்கினார். வழமையைவிட இரண்டு சுற்றுக் குறைவாகவே இறுகிவிட்டது என்றார். புதுச் சாமான் அல்லவா என்று இருவருமே சொல்லிக்கொண்டோம். புதிய ஒயில் ஊற்றி எஞ்சினைத் தொடக்கினார். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அடியில் பார்க்கவேண்டும் என்று புத்தகம் சொன்னது. அதை நான் சொன்னேன். கூப்பன் பெற்றோல் சடங்குக்கு வேண்டும் என்று அப்பா ஒரு நிமிடத்தில் நிறுத்தினார். அடியில் ஒன்றும் இல்லை. போடியாரின் மனைவி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் தந்துவிட்டார்.

கதவு திறக்கும் நாள் பின்னேரம் புறப்பட்டோம். முன்னால் அப்பாவும் போடியாரும். பின்னால் போடியாரின் மனைவி மடியில் மடைப்பெட்டியோடு. முறைப்படி அவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்ததால் பேசமாட்டார். பெட்டி சாயாமல் பிடிக்க என்னை அவர் பக்கத்தில் இருத்தினார்கள். தூக்கிய மடையைக் கோயில் போய்ச் சேரும்வரை எங்கும் இறக்கவும் கூடாது, இடையில் நிறுத்தவும் கூடாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

வாவியைக் கடப்பது பாதையில். வண்டியையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கம்பு ஊன்றிப் போகும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். மிதவை நகர்ந்துகொண்டிருப்பதால் மடை நின்றதாகக் கணக்கில்லை. அப்பா எஞ்சினை நிறுத்தினார். நடு வாவியில் வைத்துப் பாதைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, உங்கட கார் மூத்திரம் பெய்யுது."

அப்பா இறங்கிக் குனிந்தார். பலகையில் ஒயில் வட்டமாகப் பரவியிருந்தது. எஞ்சின் மூடியைத் திறந்து அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, விட்டு, மறுபடி எடுத்தார். நுனியில் ஒரு துளி மட்டும். அந்தக் கம்பியை அப்படியே கொண்டுவந்து போடியாரிடம் காட்டினார்.

"போடியார், பில்டரால ஒயில் போகுது. அக்கரையில இறங்கினதும் காக்காட கடை இரிக்கு. பத்து நிமிசம் தாங்க. ஆணியத் திருப்பிப் பூட்டி, ஒயில் ஊத்திட்டு ஓடுவம்."

"மடையை மடியில வச்சிக்கொண்டு கடைவாசல்ல நிக்கச் சொல்றியோ?"

"ஒயில் இல்லாம எஞ்சின் இறுகிப் புடிச்சிரும் போடியார்."

"தூக்கின மடை இடையில நிண்டா ஊருக்கு அம்மை வரும். உனக்குப் புள்ளகுட்டி இல்லையோ? நாலு கட்டைதானே. ஓடு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ தெரியாது. எனக்கு அந்தச் சிறிய எழுத்து வாக்கியம் நினைவில் வந்து நின்றுவிட்டது. அதோடு அம்மையும் பயமாக இருந்தது. வெள்ளைத் துணிக்கு மேலே போடியாரின் மனைவியின் கண்கள் அப்பாவை ஓடு என்றன. நான் பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் மைல்கட்டைவரை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் கட்டையில் காருக்குள் எரிந்த வாடை. பிறகு எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம். அப்பா மெதுவாக ஓட்டினார். தட்டுதல் பெரிதாயிற்று. "நிப்பாட்டட்டோ போடியார்?" என்று ஒருமுறை கேட்டார். போடியார் கோயில் திசையைக் கையால் காட்டினார். கோயிலின் பறைமேளம் கேட்கும் தூரத்தில் ஒரு பெரிய வெட்டுச் சத்தத்தோடு கார் தானே நின்றது.

போடியாரின் மனைவி கதவைத் திறந்து இறங்கினார். மடைப்பெட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தார். போடியார் பின்னால் போனார். கதவு நேரத்துக்குத் திறந்தது. மடையில் ஒரு குறையும் இல்லை. அப்பாவும் நானும் காரோடு தெருவில் நின்றோம்.

இரண்டு சோடி மாடு பூட்டிக் காரை இழுத்து, பாதையில் ஏற்றி, மாமரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். சடங்கு முடிந்த மறுநாள் அப்பா பில்டரைத் திறந்தார். என்னையும் வரச் சொன்னார். கிண்ணம் இறங்கியபோது காடிக்குள் கத்தி நுனியை விட்டு நெம்பினார். கல்போல் இறுகிப்போன ஒரு கறுத்த வளையம் துண்டு துண்டாக வந்தது. பழைய வளையம். அதற்கு மேல் நாங்கள் வைத்த புதியது, ஒரு பக்கம் நசுங்கி வெளியே தள்ளிக்கொண்டு இருந்தது. ஒன்றின்மேல் ஒன்று இருக்க இடமில்லாமல் அந்தப் பக்கத்தால்தான் ஒயில் எல்லாம் போயிருக்கிறது.

அப்பா துண்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இதைப் பத்திப் புத்தகத்தில இருந்துதா?"

"ஓம்."

"அண்டைக்கு உன்ர கண்ணில படல்லையாக்கும்."

அவர் எனக்கு வழி விட்டுத் தந்தார். ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

"பட்டது அப்பா. விளங்கல்ல. அதால விட்டுட்டன்."

அவர் கைகளைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின இரவே நான் அகராதியை வைத்து அந்த வாக்கியத்தை முழுவதும் வாசித்திருந்தேன். பழைய வளையத்தை முழுவதுமாக நெம்பி எடுத்து, காடியைச் சுத்தம் செய்த பின்னரே புதியதை வைக்கவேண்டும். பழையது இறுகி இரும்பைப்போல் தோன்றக்கூடும். அவ்வளவுதான்.

நான் போடியாரிடம் போனேன். பிழை அப்பாவுடையது அல்ல, என்னுடையது என்று சொன்னேன். வாக்கியத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். உடைந்த வளையத்தையும் காட்டினேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்துச் சிரித்தார்.

"அப்பனைக் காப்பாத்த வந்திரிக்கா. நல்ல புள்ள."

"இல்ல போடியார், உண்மையாத்தான்—"

"ஒரு பொம்புளப்புள்ள ஒரு வரி வாசிக்காட்டி எஞ்சின் உடையுமோ? வண்டி ஓடினது அவன். கை அவன்ர கை. நீ வீட்ட போ."

நான் எழுந்தேன். என் படிப்பு அவருக்கு ஒரு தவறு செய்யக்கூடப் போதாததாக இருந்தது. வாசலில் போடியாரின் மனைவி என்னை ஒதுக்கமாக நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, அன்பாகவே கேட்டார்.

"உண்மையைச் சொல்லு கா. அண்டைக்கு அந்தச் சாமானை எடுத்துக் குடுத்த நேரம் நீ சுத்தமா இருந்தியா?"

ஒரு கிழமைக்குள் ஊர் முழுவதும் அதுதான் காரணம் என்று ஆயிற்று. அம்மாகூட ஒருநாள் என்னிடம் நாட்களை எண்ணிக் கேட்டாள். நான் செய்த பிழையை நம்ப யாரும் இல்லை. செய்யாத பிழையை நம்பாதவரும் யாரும் இல்லை.

புரட்டாதியில் விதைப்புக்கு அப்பா வட்டைக்குப் போனார். அங்கே வயல்களை மேற்பார்க்கும் முல்லைக்காரர் அம்மாவின் தம்பி, அப்பாவைவிடப் பத்து வயது இளையவர். "அத்தான், இந்த வரம்பைக் கட்டுங்க, அந்த வரம்பைக் கட்டுங்க," என்று அவர் மரியாதையாகத்தான் ஏவினார். மார்கழிக்குள் அப்பாவின் கால்விரல்கள் மறுபடி வெடித்துவிட்டன.

யுத்தம் முடிந்ததும் போடியார் வேறொரு கார் வாங்கினார். அப்பா போய்க் கேட்டார். அவர் தனக்காக ஒன்றைப் போடியாரிடம் கேட்டது அந்த ஒரு முறைதான். "இல்ல மனே," என்றாராம் போடியார். "இனி எழுத வாசிக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் வைக்கிற. நீ கேட்டாய், உன்ர மகள் வாசிச்சா, பாத்தம்தானே." பட்டணத்திலிருந்து ஒரு காரோட்டி வந்தார். இங்கிலீசு தெரிந்தவர்.

எனக்கு இன்னும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருடமாக விண்ணப்பங்கள் எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் பிழையில்லாமல் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பின்னேரம் நான் அப்பாவுக்குச் சோறு கொண்டு வட்டைக்குப் போனேன். வட்டையோரத் தெருவில் இருவரும் வரும்போது அந்தக் கார் வந்தது. அப்பா வழிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்றார். கார் போன பிறகும் ஏறவில்லை. தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"நல்லா ஓடுது," என்றார். "பில்டரை ஒழுங்கா மாத்தியிரிக்கான்."

நான் கையை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்காமல் வாய்க்கால் கரையைப் பிடித்து ஏறினார்.